மலைக்கு நான் பூட்டிக் கொடுத்த டிபரன்சல்

காரின் பின் அச்சைப் பற்றி என்னிடம் யாராவது வாய் திறந்தால் அன்றைக்கு அவருக்கு வேறு வேலை ஓடாது. கலியாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் கதைப்பேன். அது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் ஒரு காரைப் பற்றி மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் முழுதாகக் கதைத்தது கிடையாது. கதை அந்தப் பக்கம் திரும்பினால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் போகாத காலம். எனக்கு இருபத்தாறு வயது. யுத்தத்தின்போது இரத்மலானை விமானத்தளத்துப் பட்டறையில் வேலை செய்தேன். அவர்கள் ஆட்களைக் குறைத்தபோது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் வீடு. காலையில் கடலோர ரயிலில் கோட்டைக்குப் போய், பிறகு ட்ராமிலும் நடையிலுமாகக் கராஜுக்குப் போய்ச் சேரும்போது சட்டை நனைந்திருக்கும். முதலாளி கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். அவருக்கு இயந்திரம் தெரியாது, மனிதரைத் தெரியும். எனக்கு நேர்மாறு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரத்மலானையில் வெள்ளைக்காரச் சார்ஜன்ட்மாரோடு நின்று அச்சுகளைக் கழற்றிப் பூட்டியவன் அல்லவா! கராஜில் மற்றவர்கள் ஏதாவது சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டுத் திருத்துவேன். என்னைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது. எனக்கு அது பொறாமை என்று பட்டது.

கொழும்பில் கார் இறக்குமதி செய்து விற்ற ஒரு கம்பனி தன் பின் அச்சு வேலைகளை எங்களிடம் கொடுத்து வந்தது. பெயர் வேண்டாம். அதன் மனேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர்கள் புதிதாக இருவர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு வேகக் காரை இறக்கியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத் துரைமார் வாங்குவார்கள் என்று நம்பிக்கை. ஆனால் வாங்குமுன் அவர்களை ஏற்றிக்கொண்டு போய், கார் என்ன செய்யும் என்று ஓட்டிக் காட்ட ஒரு சாரதி வேண்டும். அதுவரை அந்த வேலையைப் பார்த்த, ஐரோப்பியக் கலப்பில் வந்த பறங்கி மனிதர் வயதாகி வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். அந்த இருக்கையில் அதற்கு முன் தமிழனோ சிங்களவனோ இருந்தது கிடையாது.

துரையின் மனதில் ஒருவர் இருந்தார். புறக்கோட்டை வியாபாரி ஒருவரின் லொறியை ஓட்டுபவர். கொழும்பிலிருந்து அரிசி மூட்டையோடு மலைக்குப் போய், தேயிலைப் பெட்டியோடு இறங்குவார். ஒருமுறை துரையின் சொந்தக் கார் மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் நின்றுவிட, இவர்தான் அதை ஒரு கீறல் விழாமல் அடிவாரம்வரை இறக்கிக் கொடுத்தாராம். துரை அதை மறக்கவில்லை. இரண்டு சோதனை வைப்பதாகச் சொன்னார். ஒன்று, விமானங்கள் திரும்ப முனையில் அகலமான வளைவுகள் உள்ள இரத்மலானை ஓடுபாதையில், மற்றது மலையில் ஒரு தோட்டத்துப் பாதையில். பறங்கிச் சாரதி எடுத்த நேரத்தை இவர் இரண்டிலும் பிடித்துவிட்டால் இருக்கை இவருக்கு. பிடிக்காவிட்டால் திரும்ப அரிசி லொறிதான்.

அவர் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்போது மனைவியோடு கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒவ்வொரு சொல்லையும் லொறியிலிருந்து மூட்டை இறக்குவது போல மெதுவாகத்தான் இறக்கி வைப்பார். அந்த வேலை கிடைத்தால் மனைவியை விட்டு வாரத்தில் நாலு நாள் பிரிந்திருக்கத் தேவையில்லை என்று ஒருமுறை சொன்னார். அவர் தனக்காக ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டு சோதனைக்கும் காரின் பின் அச்சைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

இங்கே கொஞ்சம் அச்சைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரம் ஓடவேண்டும், உட்பக்கச் சில்லுக்குக் குறைந்த தூரம் போதும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதோ ஒன்று இழுபடும், கார் திரும்ப அடம்பிடிக்கும். அதற்காகத்தான் பின் அச்சின் நடுவில் டிபரன்சல் என்ற பல்லுச்சக்கரக் கூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சில்லையும் அதனதன் வேகத்தில் ஓட விடுவது அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சில்லு சரளையிலோ சேற்றிலோ பிடி இழந்தால், எஞ்சினின் பலமெல்லாம் அந்தப் பிடியில்லாத சில்லுக்கே ஓடிவிடும். அது சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நல்ல தரையில் நிற்கிற மற்றச் சில்லு கைகட்டி வேடிக்கை பார்க்கும். வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இது ஒவ்வாது. அந்தச் சுழற்சியை அடக்கிவைக்கிற டிபரன்சல் அவர்களுக்கு வேண்டும். எவ்வளவு அடக்குவது, எப்போது விட்டுக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் மேசையில் மூன்று இருந்தன. முதலாவது காரோடு வந்த சாதாரண டிபரன்சல். இரண்டாவது, அதே மாதிரி இன்னொன்றைத் திறந்து, பல்லுச்சக்கரங்களுக்குப் பின்னால் வெண்கலத் தட்டும் உருக்குத் தட்டும் மாறி மாறி அடுக்கி நான் இறுக்கியது. அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி, சுழலப் பார்க்கிற சில்லை மெல்லப் பிடித்து வைக்கும். பிடிப்பதும் தெரியாது, விடுவதும் தெரியாது. மூன்றாவதுதான் என் செல்லப்பிள்ளை. யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ஒரு சின்ன இராணுவ வண்டியிலிருந்து கழற்றியது. சாரதி அக்சிலேட்டரில் காலை அழுத்தியிருக்கும்வரை அது இரண்டு சில்லையும் ஒன்றாகப் பிடித்துத் தள்ளும். சேறு, மணல், சரளை எதையும் மதிக்காது. வளைவில் வெளிச்சில்லு முந்தினால் அதன் பல்லை மட்டும் கழற்றி விட்டுக் கொடுக்கும். ஆனால் ஓடும்போது காலைத் திடீரென்று எடுத்தால் 'டக்' என்று பக்கம் மாறும். அந்த நேரம் காரின் வால் ஒரு துள்ளுத் துள்ளும். அதை அந்தக் காரின் அச்சு உறைக்குள் பொருத்த எனக்கு மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், பிடித்தது. கடைசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டி இரண்டு விரல் நகம் போனது.

ஒவ்வொரு விதமான ஓட்டத்துக்கும் எது பொருந்தும் என்று ஒரு கடதாசியில் எழுதி முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். நகரத்து ஓட்டத்துக்குச் சாதாரணமானது. மழையில் நனைந்த ட்ராம் தண்டவாளத்தில் ஒரு சில்லு ஏறினால், இறுக்கமான டிபரன்சல் காரை ஆட்டிவிடும். ஓடுபாதையில் வளைவெல்லாம் அகலம், நெடுநேரம் ஒரே சீராகத் திரும்பவேண்டும், அதற்குத் தட்டு அடுக்கியது. மலையில் வளைவெல்லாம் நெருக்கம், சரளை, ஏற்றம், உட்சில்லு பாரம் இழந்து சுழலும். ஆகவே மலைக்கு இராணுவத்துச் சாமான். கடதாசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போது கேட்டாலும் அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி என்றுதான் சொல்வேன். அந்தக் கடதாசியில் இல்லாதது ஓட்டப்போகிறவரின் கால்.

இரத்மலானைச் சோதனைக்குத் தட்டு அடுக்கியதைப் பூட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, விமானம் இல்லாத நேரமாகப் பார்த்துத் துரை அனுமதி வாங்கியிருந்தார். அண்ணை காரில் ஏறி முதல் சுற்று நிதானமாகப் போனார். இரண்டாவது சுற்றில் காரின் சத்தமே மாறிவிட்டது. ஓடுபாதையின் கடைசியில் உள்ள பெரிய வளைவில் கார் கொஞ்சம் பக்கவாட்டாகச் சரிந்து, சரிந்தபடியே வழுக்கி வெளியே வந்தது. பறங்கிச் சாரதியின் நேரத்தைவிட மூன்று வினாடி குறைவு. துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அண்ணை இறங்கி, பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, அச்சைக் கையால் தொட்டார்.

"இது நல்லாருக்கு தம்பி," என்றார். "நான் சொல்றத இது கேக்குது. நான் தப்பு பண்ணாலும் மெதுவாத்தான் கோவிச்சுக்குது. மலைக்கும் இதையே விட்டுருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று கிழமை நகம் போக வேலை செய்தது யாருக்கு? அந்தக் கோபத்தை மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மலைக்கு வேறு சாமான் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தால் விடமாட்டீர்கள் என்றேன்.

அடுத்த கிழமை இராணுவத்துச் சாமானைப் பூட்டி, அதே ஓடுபாதையைச் சுற்றிப் போகும் உடைந்த சரளைப் பாதையில் ஓட்டிப் பார்த்தார். குழிகளில், சரளையில் கார் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து நான் கைதட்டினேன். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"இழுவை நல்ல இழுவைதான்," என்றார். "ஆனா கால எடுத்தா பின்னாடி யாரோ சட்டையப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப காலை எடுக்காதேங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பொறுமையாக, எனக்கு விளங்கவேண்டும் என்று நினைத்து, வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார்.

"தம்பி, நான் பன்னெண்டு வருசம் தோட்டத்து ரோட்டுல ஓட்டுனவன். வளைவு வந்தா என் காலு தானா மேல வந்துரும், கை தானா ஹார்ன அடிச்சிரும். அங்க வளைவுக்கு அந்தப் பக்கம் எப்பவும் ஆளுங்க நடப்பாங்க. கொழுந்துக் கூடையோட பொம்பளைங்க வருவாங்க, முதுகுல பாரம், அவங்களால சட்டுனு ஒதுங்க முடியாது. நான் நெனச்சு எடுக்கிறதில்ல. அது வந்துரும்."

"சோதனை அண்டைக்குப் பாதையை மறிச்சுத்தானே அண்ணை விடுறாங்கள். ஒரு குருவியும் இருக்காது. காலை அழுத்திப் பிடிச்சபடி திருப்புங்கோ. இந்தச் சாமானுக்கு அதுதான் முறை. காலை எடுத்து எடுத்து ஓட்டினா உங்களுக்கு நேரம் கிடைக்காது. நேரம் கிடைக்காட்டி அந்த வேலையும் கிடைக்காது. பிறகு உங்கட விருப்பம்."

கடைசிச் சொல் வெறும் வாய்ப்பேச்சு. விருப்பத்தை நான் அவருக்கு விடவில்லை. சாவி என் கையில், சாமான் என் மேசையில். அவருக்கு வேலை வேண்டும் என்ற இடத்தில் பிடித்து அழுத்தினேன். அவர் காலைக் கொஞ்சம் பழக்கிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, புறக்கோட்டை வியாபாரியிடம் இரண்டு நாள் லீவு கேட்டு, அந்தச் சரளைப் பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டினார். பன்னிரண்டு வருசத்தை இரண்டு நாளில் மாற்றலாம் என்று நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்பாமல் இருக்க எனக்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

கராஜில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒருநாள் மாலை தொப்பியைச் சரிசெய்தபடி என் மேசைக்கு வந்தார்.

"மகன், நீங்க சொல்ற கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா ஓட்டப் போறது அந்த மனுசன் தானே. அவருக்குப் புடிச்சதயே போட்டுக் குடுங்களேன். நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவால்லயே."

"இது இயந்திர விஷயம், முதலாளி," என்றேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலைச் சோதனை ஒரு ஞாயிறு காலை. துரைக்குத் தெரிந்த தோட்டம். பாலத்தடியிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வாசல்வரை ஏறும் பாதை. இரண்டு முனையிலும் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். முதல்நாள் ஒருதரம் ஓட்டிப் பார்க்க விட்டார்கள். அண்ணை காலை அழுத்திப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நேரம் நன்றாக இருந்தது. "பாத்தீங்களா அண்ணை?" என்றேன். "ம்," என்றார்.

சோதனையன்று காலை மெல்லிய தூறல். எல்லாவற்றிலும் நெருக்கமான வளைவில்தான் என் சாமானின் அருமை தெரியும் என்று, நான் அங்கே போய் நின்றேன். வளைவின் மேற்பக்கம் மண்மேடு. கீழ்ப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான், அதற்கப்பால் தேயிலைச் சரிவு. நான் போனபோது மேட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வேலையில்லாத நாள். லயத்துப் பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நம்ம ஆள் ஒருவர் துரையின் காரை ஓட்டுகிறாராம் என்று செய்தி பரவியிருந்தது. பாதையில் யாரும் இல்லை, எல்லாரும் மேட்டில்தான். ஆனால் கார்ச் சத்தம் கேட்டதும் முன்வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க விளிம்புக்கு வந்தார்கள். நான் அவர்களைப் பின்னுக்குப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு அச்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கார் வளைவுக்குள் வந்தது. அருமையாக வந்தது. பிறகு ஹார்ன் கேட்டது. அது கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஹார்னோடு கூடவே எஞ்சின் சத்தம் இறங்கியது, 'டக்' என்றது, வால் துள்ளியது. நனைந்த சரளையில் அந்தத் துள்ளலை நிறுத்த எதுவும் இல்லை. மேட்டுப் பக்கம் போகவிருந்த காரை அவர் எப்படியோ ஒடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பினார். அது கானைத் தாண்டிக் குதித்துத் தேயிலைக்குள் போய்ப் பக்கவாட்டாக விழுந்தது.

எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். இதை நான் எழுதாமல் விடலாம், ஆனால் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்? ஓடிப்போய் முதலில் நான் பார்த்தது அச்சு உறை வெடித்திருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தேன். இடது கால் பெடல்களுக்கிடையில் அகப்பட்டு, கணுக்கால் திரும்பியிருந்தது. லயத்து ஆட்கள் காரைத் தூக்கி அவரை எடுத்தார்கள். ஒரு பெண் தன் கம்பளியைக் கழற்றி அவர் தலைக்கடியில் வைத்தாள்.

"ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். இல்லை என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவரைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, துரை தொழிற்சாலைக் கணக்குப்பிள்ளைமார் வேலை செய்யும் கந்தோர் விறாந்தையில் இருந்து என்னைக் கூப்பிட்டார். ஒரு கொப்பியைத் திறந்து வைத்திருந்தார். காரின் பிழையா, சாரதியின் பிழையா என்று கேட்டார்.

இரண்டும் இல்லை, என் தெரிவின் பிழை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். இந்த டிபரன்சல் இவருக்கு ஆகாது, இவர் அதை எனக்கு முன்கூட்டியே சொன்னார், வற்புறுத்திப் பூட்டியது நான், மற்றதைப் போட்டு இன்னொரு தரம் ஓட விடுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த ஆங்கிலம் எனக்கு வராமலும் இல்லை. நான் சொன்னது, "வளைவின் நடுவில் அவர் காலை எடுத்துவிட்டார், சேர்." அதோடு நிற்காமல், அப்படி எடுத்தால் அந்த டிபரன்சல் எப்படி நடந்துகொள்ளும், ஏன் எடுக்கக்கூடாது என்று கையை ஆட்டி ஆட்டி அழகாக விளக்கினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள கேவலம். துரை தலையாட்டிக்கொண்டே எழுதினார். சாரதியின் பிழை என்று எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன்.

கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு அவரை மாற்றியபின் ஒருதரம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கால் மாவுக்கட்டில் தொங்கியது. துரை என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் நின்று தோடம்பழத்தை உரித்து எனக்கே ஒரு சுளை தந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

ஒரு மாதத்தில் துரை என்னைத் தன் கம்பனிப் பட்டறைக்கு மேற்பார்வையாளனாகக் கூப்பிட்டார். காரணகாரியம் சொல்லத் தெரிந்த ஆள் தனக்கு வேண்டும் என்றார். நான் போனேன். கொட்டாஞ்சேனையில் விடைபெறும்போது முதலாளி என் கையைப் பிடித்து, "நல்லா இருங்க மகன். அந்த மனுசனப் போய்ப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். எத்தனை தரம் என்று அவர் கேட்கவில்லை.

ஓட்டிக் காட்டும் இருக்கைக்கு ஒரு தோட்டத் துரையின் மருமகன் வந்தான். அவன் காலை அழுத்தத்தான் தெரிந்தவன், எடுக்கத் தெரியாதவன். இராணுவத்துச் சாமான் அவனுக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. அதைப் பார்த்துக்கொண்டு நான் அந்தப் பட்டறையில் இருந்தேன். அந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு காருக்கு டிபரன்சல் தெரிவு செய்யுமுன், அதை ஓட்டப்போகிறவரின் பக்கத்தில் இருந்து நாலு மைல் போவேன். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று பிறகுதான் கேட்பேன். முதலில் காலைப் பார்ப்பேன். இந்த வழக்கத்துக்காக என்னைக் கெட்டிக்காரன் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் வாயில் ஏதோ கசக்கும்.

அண்ணை லொறிக்குத் திரும்பவில்லை. காரை விழுத்தியவன் என்று பெயர் வந்தபின் புறக்கோட்டை வியாபாரி வேறு ஆளை வைத்துக்கொண்டார். அண்ணை மரம் விற்கும் ஒரு மரக்காலையில் பலகை எண்ணுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஜிந்துப்பிட்டிப் பக்கம் எனக்கு வேலை இருந்தாலும் வேறு வழியால் சுற்றிப் போவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கிருந்தோ எனக்குத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முருகன் கோயிலுக்குப் போகும் ஒடுக்கமான ஒழுங்கையில் ஒரு குச்சு வீடு. வாசலில் பெட்டியொன்றின் மேல் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இடது கால் ஒரு பக்கமாக மடிந்து நின்றது. மனைவி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றால் மாட்டேன் என்று மனம் அடம்பிடித்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கினேன்.

"அண்ணை, அண்டைக்குப் பிழை உங்கட காலில இல்லை. நான் பூட்டின டிபரன்சல்லதான். உங்களுக்கு அது சரிவராது எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் கேக்கேல்லை. துரை கேட்டபோதும் நான் அதை மறைச்சுப்போட்டன். நீங்கள் காலை எடுத்தனீங்கள் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. அவர் திட்டட்டும், அடிக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் திட்டவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும் தம்பி," என்றார். "வண்டி துள்ளுனப்பவே தெரிஞ்சிருச்சு. ஓட்டுறவனுக்குத் தெரியாதா? நீங்க தொரைகிட்டச் சொன்னதும் ஒரு மாசத்துல காதுக்கு வந்துருச்சு." பிறகு, "இத என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தொரைகிட்டத்தானே சொல்லணும்," என்றார்.

அவர் முகத்தில் முதல்தடவையாக ஏதோ அசைந்தது.

"சொல்லுங்க தம்பி. நாளைக்கே சொல்லுங்க. அந்த வேல போனாப் போகுது. அவரு கையால ஒரு வரி, வண்டி விழுந்தது இவன் தப்பு இல்லேன்னு எழுதிக் குடுத்தா போதும். வேற எடத்துல கேட்டுப் பாப்பேன். காலு இப்படி இருந்தாலும் கிளச்ச அமுக்குற அளவுக்குப் பலம் இருக்கு. தெனமும் பெட்டி மேல ஒக்காந்து அமுக்கிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"துரை இல்லை அண்ணை," என்றேன். "சீமைக்குத் திரும்பிப் போயிட்டார். இனி வரமாட்டார்."

"எப்ப?"

"போன கிழமை. கப்பலில."

அவர் என்னைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மனைவியும் பார்த்தாள். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை.

"அதான் இப்ப வந்தீங்களா?" என்றார்.

ஓம் என்றேன்.